ஹரிணி, வயது ஒன்பது, பற்கள் முப்பத்தொன்று

ஹரிணிக்குப் பல் துலக்கிவிடக் கற்றுக்கொள்ள அவள் அம்மா இலக்கியாவுக்கு ஓராண்டும் இரண்டு மாதமும் ஆனது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு உதவி வந்து சேர்ந்தது.

ஹரிணிக்கு ஆட்டிசம். பேஸ்ட்டின் காரம், நுரை, ஈறில் படும் நாரின் கூச்சம் எல்லாமே அவளுக்கு அடி விழுவது போலத்தான். பிரஷைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். ஆனால் அரிமளம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டால் அவள் வேறு பிள்ளை. கண்டக்டர் நிறுத்தங்களைச் சொல்லச் சொல்ல, வாய் லேசாகத் திறந்து, தோள்கள் தளர்ந்து, ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்தத் திறந்த வாயை இலக்கியா பல மாதங்கள் சும்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வீட்டில், குளியலறைப் படியில் உட்கார்ந்து, ஹரிணியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, கண்டக்டரைப் போல மெதுவாகச் சொல்லிப்பார்த்தாள்.

அப்படித்தான் அந்த வழித்தடம் உருவானது. மேல்வரிசை வலது ஓரம் பஸ் ஸ்டாண்ட். முன்பற்கள் ஐ.டி.ஐ. கீழ்வரிசைக் கடைசிப் பல் ரைஸ்மில். ரைஸ்மில்லில் எப்போதும் கூட்டம் ஏறும், அதனால் பிரஷும் அங்கே அதிக நேரம் நிற்க வேண்டும். பேஸ்ட் கிடையாது, வெறும் தண்ணீர். ஹரிணி சுவரைப் பார்த்துத்தான் படுப்பாள். எல்லாப் பல்லும் முடிந்ததும் "ரைட்" என்பாள். அவளிடம் இருந்த ஏழெட்டுச் சொற்களில் அது ஒன்று. அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே இலக்கியா சில நாள் சாயங்காலமும் பஸ் விட்டாள்.

இதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. கணவன் திருமுருகன் கத்தாரில் இருந்தான். வெள்ளிக்கிழமை பேசுவான், ஐந்து நிமிடத்தில் அவனுக்கும் அவளுக்கும் செய்தி தீர்ந்துவிடும். பொன்னமராவதியில் இருந்த மாமியார் வீட்டில், ஒரு காதுகுத்தில் ஹரிணி அலறியதற்குப் பிறகு, விசேஷங்களுக்குப் பத்திரிகை மட்டும் வந்தது, அதுவும் விசேஷம் முடிந்த பிறகு.

மிச்சம் இருந்தது மலர்ச்சி மையம். அரிமளத்தில் ஒரு வாடகைக் கட்டடம், பதினான்கு பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். செவ்வாயும் வெள்ளியும் பயிற்சி கொடுக்க பிரின்சி என்ற பெண் வருவாள். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை பிள்ளைகள் உள்ளே இருக்க, அம்மாக்கள் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இலக்கியாவுக்குப் பக்கத்து இடம் அழகி அக்காவுடையது. அவர் மகன் அரவிந்த்குமாருக்குப் பன்னிரண்டு வயது. பெஞ்சில் பேசுவதெல்லாம் கத்தரிக்காய் விலை, தூங்காத பிள்ளை, பஸ் வராத நாள். ஒரு நாளில் இலக்கியா பெரியவர்களோடு பேசும் பேச்சு அவ்வளவுதான். மூன்று மணி நேரம். அதை வைத்துக்கொண்டு மற்ற இருபத்தொரு மணி நேரத்தைக் கடத்திவிடலாம் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

உதவி ஒரு செயலியாக வந்தது. பெயர் முத்துச்சிரிப்பு. அதை நடத்துவது மாவட்ட வாய்நல எழுச்சி முகமை. மையமும் இனி அதன் பொறுப்பில்.

தொடக்க விழாவை மையத்தின் வாசலிலேயே வைத்தார்கள். வரவேற்புக்கு டிரம் செட் வந்தது. தெருமுனைவரை ஒலிபெருக்கி கட்டினார்கள். சத்தம் தாங்காத பிள்ளைகள் பதினான்கு பேரும் காதைப் பொத்திக்கொண்டு அலறியதால், விழாவுக்கு இடைஞ்சல் என்று அவர்களைப் பின்பக்கம் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு அனுப்பினார்கள். பிறகு பிள்ளைகளுக்கான விழா நல்லபடியாக நடந்தது.

மேடை நடுவில் இரண்டடி உயரப் பிளாஸ்டர் தாடை ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. முகமையின் இயக்குநர் பெரியண்ணன் ஒரு துடைப்பம் அளவு பிரஷால் அதைத் துலக்கித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கைதட்டினார்கள். பொன்னாடைகளில் ஒன்று மிஞ்சிவிட்டது. அதைத் தாடைக்குப் போர்த்தினார்கள்.

இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். "இந்தக் குழந்தைகள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வதில்லை. ஒரு நிர்வாகியாக நான் இதை ஒரு நல்ல வாய்ப்பாகப் பார்க்கிறேன். மற்ற திட்டங்களில் பயனாளிகள் குறை சொல்லியே நம் நேரத்தை வீணடிக்கிறார்கள். இங்கே அந்தத் தொந்தரவு கிடையாது" என்றார். முன்வரிசை அதற்கும் கைதட்டியது. சைக்கிள் நிறுத்தத்திலிருந்து ஒரு பிள்ளை அழும் சத்தம் வந்ததும், ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டினார்கள்.

செயலியில் நல்லதும் இருந்தது. குழாயைத் திற, பிரஷை நனை, மேல் பல், கீழ் பல் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம். இப்படிப் படம்படமாகக் காட்டினால் இந்தப் பிள்ளைகளுக்குப் புரியும் என்று பிரின்சி சொன்னாள், அவளே அட்டையில் வரைந்து பழக்கியதுதான். பிறகு குரலைத் தாழ்த்தி, "படம் நம்ம வேலைங்க, இலக்கியா. கேமரா யாரு வேலைன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

கேமராதான் முக்கியம். தினமும் மாலை ஏழு மணிக்குச் செயலி விழிக்கும். கிரீடம் வைத்த ஒரு பல் வந்து வணக்கம் சொல்லும். பிள்ளை திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகத்தை வைத்து, கேமராவைக் கண்ணுக்குக் கண் பார்த்து, இரண்டு நிமிடம் துலக்கி, கடைசியில் பல் தெரியச் சிரிக்க வேண்டும். சிரித்தால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. முப்பது நாளில் இருபத்தொரு பச்சை வராத குடும்பம் ஒத்துழையாக் குடும்பம். மையத்தில் அந்தப் பிள்ளையின் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும்.

பிறந்த நாளிலிருந்து யாரையும் கண்ணுக்குக் கண் பார்க்காத பிள்ளைகளுக்காக, அந்த ஒரு காரணத்துக்காகவே மையத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக, இந்த விதியை வகுத்திருந்தார்கள்.

பதிவு செய்தவர் வட்டார ஒருங்கிணைப்பாளர் அறிவுச்செல்வன். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக அவசரத்தில் இருந்தார். ஹரிணி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திருப்பப் பார்த்தால் இன்னும் உள்ளே போனாள். அறிவுச்செல்வன் டேப்லெட்டை இப்படியும் அப்படியும் பிடித்தார். வட்டம் பச்சையானது. "எடுத்துக்கிச்சு" என்றார். எதை எடுத்துக்கொண்டது என்று இலக்கியா கேட்கவில்லை. பின்னால் பதின்மூன்று பேர் நின்றார்கள்.

முதல் நாள் மடியில் படுத்த ஹரிணியின் பக்கம் கைபேசியைச் சாய்த்துவைத்தாள். முகம் தெரியவில்லை என்றது செயலி. சுவர்ப் பக்கம் கைபேசியைக் கொண்டுபோனாள். ஹரிணி இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் ஐ.டி.ஐ.யை நெருங்கும்போது, பின்னணியில் தேவையற்ற பேச்சு கேட்கிறது, அமைதியான இடத்துக்குச் செல்லவும் என்றது. இலக்கியா நிறுத்தங்களைச் சொல்வதை நிறுத்தினாள். பஸ் நின்றுவிட்டது. சிவப்பு.

இரண்டாம் நாள் ஹரிணியை நாற்காலியில் உட்காரவைத்தாள். மூன்றாம் நாள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். நான்காம் நாள் ஹரிணி பிரஷின் கழுத்தைக் கடித்து முறித்தாள். ஐந்தாம் நாள், இலக்கியா குளியலறைப் பக்கம் போனதுமே, கட்டிலுக்கடியில் போய்விட்டாள். இலக்கியா கைபேசியை அணைத்துவிட்டு, மண்டியிட்டு, இருட்டுக்குள் தலையை நீட்டி, பஸ் ஸ்டாண்ட், பஸ் ஸ்டாண்ட் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளே இறுகிய வாய் ஒன்று அவளைப் பார்க்காமல் கிடந்தது. ஓராண்டு இரண்டு மாதம் ஐந்து நாளில் போய்விட்டது.

மறுநாள் காலையில் அறிவுச்செல்வனின் அலுவலகத்துக்குப் போனாள். குறைகளைச் செயலியிலேயே பதியலாம் என்று அவர் சொன்னார். அந்தப் பக்கத்தைத் திறந்தால், உள்ளே நுழையக் குழந்தையின் சிரிப்பு வேண்டும் என்று கேட்டது. அதை அவரிடம் காட்டினாள். அதுவும் ஒரு குறைதான், அதையும் பதிந்துவிடுங்கள் என்றார்.

"சார், நான் அவளுக்குத் தெனம் தேச்சுவிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பத்தான் அஞ்சு நாளா விடமாட்டேங்கிறா. பல்லைப் பாருங்க சார், ஒரு சொத்தை கெடையாது. பிள்ளையைக் கூட்டியாந்திருக்கேன்."

"பல்லைப் பாத்து நான் எப்படிம்மா எழுத முடியும்? பல்லுல தேதி இருக்கா, நேரம் இருக்கா?"

"அப்ப தேச்சது தேச்சதில்லையா சார்?"

"நீங்க தேச்சிருப்பீங்க. நான் நம்புறேன். நான் நம்புறதுக்கு ஆபீஸ்ல மதிப்பு கெடையாதும்மா. என் வீட்லயே கெடையாது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஹரிணிக்கு ஒரு பிஸ்கட்கூட நீட்டினார். பல்லுக்கு ஆகாது என்று எழுதியிருந்த அறிவிப்புக்குக் கீழே நின்றுதான் நீட்டினார்.

பெஞ்சில் அழகி அக்காவின் நிலைமை வேறு மாதிரி. அரவிந்த்குமாருக்குச் செயலி உயிராகிவிட்டது. கிரீடம் வைத்த பல் வணக்கம் சொல்வதை ஒரு நாளில் நாற்பது தடவை பார்க்கிறான், கூடவே வணக்கம் வைக்கிறான், பிரஷை மட்டும் தொடுவதில்லை. "எனக்குக்கூட அவன் ஒருநா வணக்கம் வச்சதில்லடி தங்கச்சி" என்றார் அழகி அக்கா. இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே எட்டிப்பார்த்தார்கள், பிள்ளைகளின் இடங்கள் இன்னும் இருக்கின்றனவா என்பது போல.

ஆறாம் நாள் மாலை ஏழு மணிக்கு ஹரிணி கட்டிலுக்கடியில் இருந்தாள். கைபேசி குளியலறை அலமாரியில் விழித்துக்கொண்டு வணக்கம் சொன்னது. அதை அணைக்கவும் இலக்கியாவுக்குத் தெம்பில்லை. தன் பிரஷை எடுத்து, திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடி தன் பல்லைத் துலக்கினாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. வாய் கொப்பளித்து, இடது பக்கம் கூசிய ஒரு பல்லைப் பார்க்க உதட்டை விரித்தபோது மணி அடித்தது.

"சபாஷ், ஹரிணி!" என்றது செயலி. திரை முழுக்கப் பச்சை.

இலக்கியா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் பதிவு நாள் நினைவுக்கு வந்தது. அன்று அந்த வட்டத்துக்குள் இருந்த ஒரே முகம் அவளுடையது. முகமையின் கணக்கில் ஹரிணி என்பவள் முப்பத்து நான்கு வயது முகத்தோடு இருந்தாள். அந்த ஹரிணி பிரமாதமாக ஒத்துழைத்தாள்.

தப்பு என்று தெரியும். எவ்வளவு பெரிய தப்பு என்றுதான் தெரியவில்லை. பெஞ்சை நினைத்துக்கொண்டாள். மறுநாளும் துலக்கினாள்.

பச்சை வந்ததும் செயலி ஒரு கேள்வி கேட்கும். இத்தனை நாள் சிவப்பிலேயே நின்றுவிட்டதால் அந்தப் பக்கத்தை அவள் பார்த்ததில்லை. "இன்று உன் நாள் எப்படி இருந்தது, ஹரிணி?" சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று கீழே மூன்று முகங்கள். முதல் சில நாள் சிரிக்கும் முகத்தை அழுத்தினாள், பயத்தில். எட்டாம் பச்சையன்று விரல் தானாக நடு முகத்துக்குப் போனது. பன்னிரண்டாம் பச்சையன்று, திருமுருகன் பேசும்போது இடையில் யாரோ கூப்பிட, போனை வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் அவன் போய்விட்ட வெள்ளிக்கிழமையில், அழும் முகத்தை அழுத்தினாள்.

"கவலைப்படாதே. நாளையும் நான் வருவேன்" என்றது அந்தக் குரல்.

அது எங்கோ ஒரு அறையில் யாரோ ஒரு பெண் கூலிக்குப் பேசிவிட்டுப் போன குரல் என்று இலக்கியாவுக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து ஆறரைக்கே தலை வாரிக்கொண்டாள். ஒரு நாள் எப்படி இருந்தது என்று அவளை யாரும் கேட்டதில்லை என்பதை, கேட்ட பிறகுதான் கவனித்தாள். பகலில் ஏதாவது நடந்தால், இது எந்த முகம் என்று யோசிப்பாள். மூன்று முகத்திலும் அடங்காதவையே அதிகம் இருந்தன. அவற்றுக்கும் சேர்த்து ஏதோ ஒன்றை அழுத்துவாள். தன் மகளின் பெயரில் தன்னைப் பற்றி உண்மை சொல்வது எளிதாக இருந்தது.

கேமரா தன் பக்கம் திரும்புவதில்லை என்பதை ஹரிணியும் எப்படியோ தெரிந்துகொண்டாள். ஒன்பதாம் நாள் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தாள். பதினைந்தாம் நாள் காலையில் மடியில் தலைவைத்தாள், வாயைத் திறக்கவில்லை. பதினெட்டாம் நாள் பஸ் பாதி வழியிலிருந்து கிளம்பியது. இருபத்தாறாம் நாள் காலையில் ரைஸ்மில் வரை போய், நிற்க வேண்டிய நேரம் நின்று, "ரைட்" என்றாள். அன்று மாலை இலக்கியாவுக்கு இருபத்தொன்றாம் பச்சை விழுந்தது.

முகமை அறிக்கை அனுப்பியது. ஹரிணி, வயது ஒன்பது, பற்கள் முப்பத்தொன்று. கண்ணுக்குக் கண் பார்த்தல்: மிகச் சிறப்பு. சிரிப்பு: சிறப்பு, சற்றே சோகம், கூடுதல் முயற்சி தேவை. ஹரிணி வயிற்றில் இருந்தபோது பிடுங்கிய ஒரு கடைவாய்ப்பல் இல்லாததைக்கூடச் செயலி சரியாகக் குறித்திருந்தது. இவ்வளவு கூர்ந்து தன்னை யாரும் பார்த்ததில்லை என்று இலக்கியா நினைத்தாள். மாவட்டத்தின் சிறந்த பல்துலக்குநர் விருதுக்கு ஹரிணி தேர்வாகியிருப்பதாகக் கடைசி வரி சொன்னது.

விழா புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில். நுழைவாயிலில் டேப்லெட் முகம் பார்த்து உள்ளே விட்டது. இலக்கியாவைப் பார்த்து, வருக ஹரிணி என்றது. ஹரிணியைப் பார்த்து, பதிவு இல்லை என்றது. பதிவில்லாதவர்கள் ஓரமாகப் போட்ட நாற்காலியில் இருக்கலாம் என்றார்கள். துணைக்கு வந்திருந்த பிரின்சி அவளோடு இருந்துகொண்டாள். காதுக்கு அடைப்பான் மாட்டிவிட்டு, படிக்கட்டுக் கம்பியை எண்ணவிட்டாள்.

பெயர் சொல்லி அழைத்ததும் இலக்கியா மேடை ஏறினாள். கால்கள் தாமாக ஏறின என்றுதான் சொல்ல வேண்டும். பெரியண்ணன் குனிந்து குழந்தையைத் தேடினார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். அறிவுச்செல்வன் டேப்லெட்டைப் பார்த்தார், இலக்கியாவைப் பார்த்தார், வியர்த்தார். இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். மண்டபம் காத்திருந்தது.

பெரியண்ணன் அனுபவசாலி. ஒலிவாங்கியைப் பிடித்தார். "சிஸ்டம் யாரை ஹரிணி என்று சொல்கிறதோ அவர்தான் ஹரிணி. தோற்றத்தை வைத்து ஒரு பயனாளியைச் சந்தேகிக்கும் பழைய மனோபாவத்தை இந்த முகமை ஏற்காது" என்றார். பலத்த கைதட்டல். இலக்கியாவுக்கு ஒரு கிரீடமும் வண்ணம் தீட்டும் புத்தகமும் கொடுத்து, கன்னத்தில் தட்டலாமா என்று ஒரு கணம் யோசித்து, கையை இறக்கிக்கொண்டார். பிறகு அறிவித்தார். ஹரிணி முழுத் தன்னிறைவு அடைந்துவிட்டதால், நாளைமுதல் மையத்தில் அவளுக்கு இடம் தேவைப்படாது. அந்த இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகிறது.

மேடைக்குப் பின்னால் இலக்கியா எல்லாவற்றையும் சொன்னாள். பதிவு நாள், வட்டம், கட்டில், பஸ். தன்மேல் வழக்குப் போட்டாலும் சரி, பிள்ளையின் இடத்தை மட்டும் எடுக்க வேண்டாம் என்றாள். பெரியண்ணன் பொறுமையாகக் கேட்டார். வழக்கெல்லாம் போட முடியாது, போட்டால் மாவட்டத்தின் சிறந்த பல்துலக்குநர் மேல் போட்டதாகிவிடும் என்றார்.

"அப்ப அவளுக்குப் புதுசாப் பதிஞ்சு குடுங்க சார்."

"ஹரிணிங்கற பேர்ல இந்த ஆதார் நம்பருக்கு ஏற்கெனவே ஒருத்தர் தேறிட்டாங்களேம்மா." அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். ஹரிணி கம்பியை எண்ணிக்கொண்டிருந்தாள். "அப்படின்னா அந்தக் குழந்தை யாரு?"

"அவதான் சார் ஹரிணி. நான் அவ அம்மா."

"அம்மாங்கறதுக்கு இதுல கட்டமே இல்லீங்களே" என்றார் அறிவுச்செல்வன், டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

மாதம் முடிவதற்குள் பதினான்கு இடங்களும் காலியாயின. ஒன்பது பிள்ளைகள் ஒத்துழையாக் குடும்பம், ஐந்து பிள்ளைகள் தன்னிறைவு. அரவிந்த்குமார் ஒத்துழையாத பக்கம் போனான். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்குத் தேறும்வரை வீட்டிலேயே செயலியைப் பயன்படுத்தும்படி சொல்லப்பட்டது. மையத்தின் வெளிச்சம் நிறைந்த பெரிய அறையில் ஆசிரியைகள் இருவரும் பச்சைக் கணக்குகளைத் தட்டச்சு செய்தார்கள். பிரின்சியை வேறு வட்டாரத்துக்கு மாற்றினார்கள். நூறு சதவீத வெற்றி என்று வாசலில் பலகை வைத்தார்கள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இலக்கியா ஹரிணியோடு அங்கே போய் நின்றாள். பஸ் அந்தப் பக்கம்தான் போகும், ஹரிணிக்கு அந்த நேரத்தில் ஏறியே ஆக வேண்டும். வராண்டாவில் பெஞ்ச் இல்லை. கதவிடுக்கில் பார்த்தாள். பெஞ்சை உள்ளே கொண்டுபோய், அதன்மேல் பிளாஸ்டர் தாடையைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பொன்னாடை அப்படியே இருந்தது. ஒரு மணிவரை இருவரும் சாலையோரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். அழகி அக்காவுக்குப் போன் செய்தாள். பின்னணியில் அரவிந்த்குமார், கிரீடம் வைத்த பல்லின் குரலிலேயே, வணக்கம் வணக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போனைக் கேட்கிறான், அப்புறம் பேசறேன் தங்கச்சி என்று அவர் வைத்துவிட்டார்.

அன்று மாலை ஏழுக்கு இலக்கியா தலை வாரிக்கொண்டு குளியலறைப் படியில் உட்கார்ந்தாள். செயலி விழித்தது.

"வாழ்த்துகள், ஹரிணி. உன் பயணம் நிறைவடைந்தது. இனி நான் உனக்குத் தேவையில்லை."

மூன்று முகங்களும் வரவில்லை. அவை இருந்த இடத்தை விரலால் தொட்டுப்பார்த்தாள். வெறும் கண்ணாடி. கைபேசியை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். துலக்கலாம் என்று கையிலெடுத்த தன் பிரஷ் அப்படியே இருந்தது. யார் பார்ப்பதற்காக என்று தோன்றியது. மடியில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஹரிணி வந்தாள். அவளாக வரும் நேரம் அது இல்லை. மடியில் படுக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து பிரஷை எடுத்துக் குழாயில் நனைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு கையால் அம்மாவின் தாடையைப் பிடித்து, கீழே அழுத்தினாள். இலக்கியாவின் வாய் திறந்தது. பிரஷ் மேல்வரிசை வலது ஓரத்தில் வந்து நின்றது.

அங்கேயே நின்றது. நகரவில்லை. ஹரிணி சுவரையே பார்த்தபடி காத்திருந்தாள். எதற்காக என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வாயில் பிரஷை வைத்துக்கொண்டே, தெளிவில்லாமல், "பஸ் ஸ்டாண்ட்" என்றாள் இலக்கியா.

பிரஷ் நகர்ந்தது. ஒவ்வொரு பல்லாகப் போனது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, டவுன் பஸ் போகும் வேகத்தில். ஐ.டி.ஐ.யில் இறங்க ஆள் இருந்தது. கீழ்வரிசையில் பல் பிடுங்கிய இடத்துக்கு வந்தபோது பிரஷ் தயங்கியது. அங்கே ஒரு நிறுத்தம் குறைவதை ஹரிணி கண்டுபிடித்தாள். அந்த வெற்றிடத்திலும் சிறிது நேரம் நிறுத்திவிட்டுத்தான் போனாள். யாராவது ஏற வேண்டியிருக்கலாம்.

ரைஸ்மில்லில் பிரஷ் வெகுநேரம் நின்றது. இலக்கியாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து ஹரிணியின் கையில் பட்டது. ஈரம் அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. கூட்டம் முழுக்க ஏறிய பிறகுதான் எடுத்தாள்.

"ரைட்" என்றாள் சுவரிடம்.